மிதித்தும் ரேஸ் ஏறாத லாரி: ஆக்சிலரேட்டர் சென்சாரைச் சோதித்து செட் செய்யும் முழு வழிகாட்டி

ரேஸ் ஏறவில்லை, செக் லைட் எரிகிறது என்று டீசல் லாரி ஒன்று வந்து நின்றால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதலில் கை வைப்பது பெடலில்தான். அதைக் கழற்றிப் புதியது போட்டு, குறையைப் படிக்கும் ஸ்கேனரில் கேலிபரேஷன் (சென்சார் அளவைச் செட் செய்வது) கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாதி வண்டிகள் ஒரு வாரத்தில் அதே குறையோடு திரும்பி வருகின்றன.

கேலிபரேஷன் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. சென்சாருக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, சிக்னல் தடங்காமல் ஏறுகிறதா, அதை எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யூ. அப்படியே படிக்கிறதா என்ற நான்கையும் முடித்த பிறகே அதற்குப் போக வேண்டும். குறை உள்ள வயரிங்கின் மேல் கேலிபரேஷன் கொடுத்தால், தப்பான அளவை இ.சி.யூ. சரியானது என்று மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்து பார்ப்பவருக்கு வேலை இரண்டு மடங்காகும்.

கீழே உள்ளது நம் ஊர் 24 வோல்ட் லாரிகளுக்கானது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. எந்த சென்சார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் காற்றை அளந்து விடும். டீசலில் வேகத்தைத் தீர்மானிப்பது காற்றல்ல, உள்ளே போகும் டீசலின் அளவு. அதனால் லாரியில் 'த்ராட்டில் சென்சார்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சொல்கிறார்கள்.

முதலாவது, ஆக்சிலரேட்டர் பெடலோடு சேர்ந்தே வரும் சென்சார். காமன் ரெயில் எஞ்சின் (டீசலை இ.சி.யூ. அளந்து விடும் வகை) உள்ள வண்டிகளில் இதுதான். பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. கால் எவ்வளவு மிதித்தது என்பதை வோல்ட்டாகச் சொல்வது மட்டுமே பெடலின் வேலை.

இரண்டாவது, இன்லைன் டீசல் பம்ப் லிவரின் முனையில் உட்கார்ந்திருக்கும் சென்சார். கேபிளோ ராடோ லிவரை இழுக்கும், லிவர் எங்கே இருக்கிறது என்பதை சென்சார் சொல்லும். புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈ.ஜி.ஆர். வால்வை மின்சாரத்தால் இயக்கும் பழைய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். திருப்பி செட் செய்ய நீள்துளை இருப்பது இந்த வகையில்தான்.

மூன்றாவது, காற்று உள்ளே போகும் பாதையில் இருக்கும் த்ராட்டில் ஃப்ளாப். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகள் பலவற்றில் இது உண்டு. ஈ.ஜி.ஆர். புகையை இழுக்கவும், புகைக்குழாய்ச் சூட்டை ஏற்றவும் ஃப்ளாப் கொஞ்சம் மூடும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்று சொல்ல அதற்குள்ளேயே ஒரு சென்சார் இருக்கும். காலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ஸ்கேனர் காட்டும் எண் இவற்றைப் பிரித்துக் கொடுக்கும். எந்தப் பகுதியில் குறை என்று சொல்வது எஸ்.பி.என். எண். எஸ்.பி.என். 91 என்றால் பெடலின் முதல் சிக்னல். எஸ்.பி.என். 29 இரண்டாவது சிக்னல். எஸ்.பி.என். 558 கால் எடுத்ததைச் சொல்லும் பெடலின் ஐடில் சுவிட்ச். எஸ்.பி.என். 51 வந்தால் அது த்ராட்டில் ஃப்ளாப். 51 வந்த வண்டிக்குப் பெடல் மாற்றிக் காசைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைப் படித்த பிறகு கருவியை எடுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. முடிந்தால் முள் ஆடும் பழைய வகை மீட்டர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று 6-ஆம் பகுதியில் தெரியும். கப்ளரின் (வயர் கனெக்டரின்) பின்பக்கமாக நுழைக்கும் மெல்லிய ஊசி முனைகள். லைவ் டேட்டா (அந்த நேரத்து அளவுகள்) காட்டும் ஸ்கேனர். அந்த வண்டி மாடலின் வயரிங் வரைபடம், பின் எண்களோடு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. சக்கரத்துக்குப் போட இரண்டு கட்டை.

டெஸ்ட் லேம்ப் வேண்டாம். பல்பு இழுக்கும் கரண்ட்டை சென்சார் லைன் தாங்காது, இ.சி.யூ.வின் உள் சர்க்யூட் போய்விடும். அதேபோல் 24 வோல்ட் வயரை எடுத்து சென்சார் பின்னில் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். சென்சார் ஓடுவது 5 வோல்ட்டில். ஒரு தொடுதலில் சென்சாரும் போகும், சில நேரம் இ.சி.யூ.வும் போகும்.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக் பிடித்து, கட்டை வைத்த பிறகுதான் வேலை. வயரை ஆட்டிப் பார்க்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் திடீரென்று ரேஸ் ஏறும் ஆபத்து உண்டு. கடைசி சாலை ஓட்டத்தையும், பம்ப் லிவர் வகைக்கான ஒரு படியையும் தவிர மற்ற எல்லாச் சோதனைக்கும் சாவி ஆன், எஞ்சின் ஆஃப்.

பேட்டரி இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேட்டரி சரிந்தால் இல்லாத குறைக்கெல்லாம் கோடு (ஸ்கேனர் காட்டும் குறை எண்) வரும்.

3. டிரைவரிடம் கேளுங்கள், பிறகு தரையைப் பாருங்கள்

எப்போது வருகிறது என்ற ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். மழையில் மட்டும் என்றால் கப்ளரில் தண்ணீர். மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் வயர் அறுபட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேபினைத் தூக்கி இறக்கிய பிறகு என்றால் கேபின் மடங்கும் இடத்தில் வயர் இழுபட்டிருக்கிறது. பெடலை ஒரே இடத்தில் பிடித்து ஓட்டும்போது மட்டும் வெட்டுகிறது என்றால் சென்சாருக்குள் இருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த மறுநாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

பிறகு குனிந்து பெடலின் கீழே பாருங்கள். கேபினில் விரித்திருக்கும் தடித்த மேட் பெடலுக்கு அடியில் மடிந்திருந்தால், முழுவதும் மிதித்தாலும் ஸ்கேனர் 80 சதவீதம்தான் காட்டும். மேட் பெடலின் மேல் ஏறியிருந்தால் கால் எடுத்த பிறகும் பெடல் முழுதாகத் திரும்பாது, ஐடில் கோடு வரும். இரண்டுக்கும் மருந்து மேட்டை வெட்டுவது.

பெடலைக் கையால் அழுத்தி விடுங்கள். தட்டென்று தன் இடத்துக்கு வர வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டமே சிக்னலையும் ஆட்டும். இதைச் சரி செய்யாமல் வோல்ட் பார்ப்பதில் பயனில்லை.

4. கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

வந்ததும் கோடை அழித்துவிட்டு மறுபடி வருகிறதா என்று பார்ப்பது பெரிய தவறு. குறை எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது என்ற விவரமும் அதோடு சேர்ந்து அழிந்துவிடும். முதலில் எழுதி வையுங்கள், அல்லது போனில் படம் எடுத்து வையுங்கள்.

எஸ்.பி.என். எண்ணோடு வரும் எஃப்.எம்.ஐ. எண் (குறையின் வகை) எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்கிறது. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல் இருக்கிறது. 4 என்றால் அளவுக்குக் கீழே. 2 என்றால் வரும் தகவல் ஒன்றோடொன்று பொருந்தவில்லை அல்லது விட்டுவிட்டு வருகிறது. 13 என்றால் கேலிபரேஷன் வெளியே போயிருக்கிறது.

இந்த 3-ஐயும் 4-ஐயும் புரிந்துகொண்டால் தேடும் வயர் பாதியாகக் குறையும். சென்சாரின் எர்த் அறுந்தால், உள்ளே போன 5 வோல்ட் இறங்க வழியில்லாமல் சிக்னல் வழியே வரும். அப்போது 3 வரும். 5 வோல்ட் வயர் அறுந்தாலோ, சிக்னல் வயர் எங்காவது சேஸிஸில் உரசினாலோ சிக்னல் கீழே விழும். அப்போது 4 வரும். சிக்னல் வயரே அறுந்தாலும் பெடல் சர்க்யூட்டில் பெரும்பாலும் 4-தான். ஆக, 3 வந்தால் முதலில் எர்த்தைத் தேடுங்கள். 4 வந்தால் முதலில் 5 வோல்ட்டைத் தேடுங்கள்.

எஸ்.பி.என்.-க்குப் பதில் ஓ.பி.டி. முறையில் கோடு காட்டும் சிறிய சரக்கு வண்டிகளில் பி 2122, பி 2123 என்பவை பெடல் முதல் சிக்னலின் கீழ், மேல் அளவுகள். பி 2127, பி 2128 இரண்டாவதன் கீழ், மேல் அளவுகள். பி 2138 வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பிறகு லைவ் டேட்டாவுக்குப் போய் பெடல் சதவீதத்தைப் பாருங்கள். கால் எடுத்தால் 0, முழுவதும் மிதித்தால் 100, நடுவில் குதிக்காமல் ஏறுகிறது என்றால் பெடலில் குறை இல்லை. அப்படியும் வண்டி இழுக்கவில்லை என்றால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் கசிவு, ஆட்ப்ளூ (புகையைச் சுத்தப்படுத்தும் திரவம்) குறையால் இ.சி.யூ. சக்தியைக் குறைத்திருப்பது ஆகியவற்றைத் தேடுங்கள். வயரை ஆட்டினாலும் அந்த எண் ஆடவில்லை என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம்.

5. முதலில் 5 வோல்ட், அடுத்து எர்த்

சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றுங்கள். சாவி ஆன் நிலையில் கழற்றினால் புதிய கோடு பதிவாகி உங்களையே குழப்பும். கழற்றிய பிறகு சாவி போட்டு, வயரிங் பக்கக் கப்ளரில் 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே அளவெடுங்கள். 4.75 முதல் 5.25 வரை இருந்தால் சரி. பெடலில் ஆறு வயர் இருந்தால் இரண்டு தனித்தனி சென்சார் உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் தனியே 5 வோல்ட், தனியே எர்த். இரண்டையும் அளக்க வேண்டும்.

5 வோல்ட் வரவில்லை என்றவுடன் இ.சி.யூ. போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைன் இன்னும் இரண்டு மூன்று சென்சார்களுக்கும் போகும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் வோல்ட் விழும். வரைபடத்தைப் பார்த்து, அந்த லைனில் உள்ள சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எதைக் கழற்றினாலும் திரும்பவில்லை என்றால் வயரில் தேடுங்கள். இ.சி.யூ.வைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகு.

இப்போது கப்ளரை மாட்டி எர்த்தைப் பார்ப்போம். ஓம்ஸில் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கம்பி இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ஸ் மீட்டர் சரி என்றுதான் காட்டும். சாவி ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை கப்ளரின் பின்பக்கமாக எர்த் பின்னிலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது.

அதோடு நிறுத்தாதீர்கள். ஹெட்லைட், வைப்பர், கேபின் லைட், ஃபேன், பாட்டுப்பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு அதே அளவை மறுபடி பாருங்கள். இந்தப் படியை நான் சேர்த்ததற்குக் காரணம் ஒரு டாரஸ் லாரி. ராத்திரியில் மட்டும் செக் லைட் எரிந்து ரேஸ் வெட்டும், விடிந்தால் சரியாகிவிடும். எங்களிடம் வருவதற்குள் இரண்டு பெடல் மாற்றியிருந்தார்கள். பகலில் எல்லா அளவும் சரியாகவே வந்தது. கடைசியில் கேபினில் ஓட்டியிருந்த எல்.இ.டி. லைட்டைப் போட்டவுடன் சென்சார் எர்த்தில் 0.2 வோல்ட் ஏறியது. லைட் பொருத்தியவர் கைக்குக் கிடைத்த எர்த் வயரில் முடிச்சுப் போட்டிருந்தார், அது பெடலின் முதல் சென்சாரின் எர்த். லைட்டின் கரண்ட் முழுவதும் அந்த மெல்லிய வயர் வழியே திரும்பிக்கொண்டிருந்தது. முதல் சிக்னல் 0.75-லிருந்து 0.9-க்கு மேல் நகர, இரண்டாவது நகராமல் நிற்க, இரண்டும் பொருந்தவில்லை என்று இ.சி.யூ. பெடலை நம்ப மறுத்திருக்கிறது. முடிச்சைப் பிரித்து லைட்டுக்குத் தனி எர்த் கொடுத்ததும் வேலை முடிந்தது.

கேபின் கட்டிய இடத்தில் சேர்த்த வயர்களை இதனால்தான் முதலில் சந்தேகிக்கச் சொல்கிறேன். சென்சார் எர்த் இ.சி.யூ.வுக்கு மட்டும் சொந்தமானது. அதில் வேறு எதையும் சேர்க்கக்கூடாது, அதை சேஸிஸோடு இணைக்கவும் கூடாது.

6. சிக்னலை மெதுவாக ஏற்றிப் பாருங்கள்

கப்ளர் மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசி வைத்து சிக்னல் வயரின் வோல்ட் பாருங்கள். வயரின் தோலைக் குத்தி அளக்கும் பழக்கத்தை விடுங்கள். அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி, சில மாதத்தில் உள்ளே செம்பு பச்சையாகி அறுந்துவிடும்.

இரண்டு சென்சார் உள்ள பெடலில் பரவலாக வரும் அளவு இப்படி இருக்கும்: கால் எடுத்தபோது முதல் சிக்னல் சுமார் 0.75, இரண்டாவது அதில் பாதி. முழுவதும் மிதித்தால் முதலாவது 3.8-க்குப் பக்கத்தில், இரண்டாவது 1.9-க்குப் பக்கத்தில். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. ஆனால் பாதி என்ற உறவு எல்லா இடத்திலும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

ஒரு கணக்கு. 0.75 என்பது 0 சதவீதம், 3.85 என்பது 100 என்று வைப்போம். நடுவில் உள்ள தூரம் 3.10 வோல்ட். ஆகவே பாதி மிதித்தபோது 0.75-ஓடு 1.55 சேர்த்து 2.30 வர வேண்டும், இரண்டாவது சிக்னலில் 1.15. அந்த இடத்தில் 1.15-க்குப் பதில் 1.30 வந்தால் தனித்தனியே பார்க்கும்போது இரண்டும் நல்ல சென்சாராகவே தெரியும், சேர்த்துப் பார்க்கும்போது பொய். ஐந்து இடங்களில் இப்படி இரண்டையும் எழுதி வையுங்கள்: கால் எடுத்த நிலை, கால்வாசி, அரை, முக்கால், முழுவது.

ஒரு சிக்னலும் ஐடில் சுவிட்சும் மட்டும் உள்ள பெடலும் உண்டு. அங்கே சிக்னல் ஏறத் தொடங்கும் இடத்திலேயே சுவிட்ச் நிலை மாற வேண்டும். சிக்னல் நன்றாக ஏறிய பிறகும் சுவிட்ச் மாறவில்லை என்றால் இ.சி.யூ. வண்டியை ஐடிலிங்கிலேயே வைத்திருக்கும். மிதித்தும் அசையாத வண்டிகளில் இதை மறக்காமல் பாருங்கள்.

அடுத்தது இந்தப் பகுதியில் மிக முக்கியமானது. பெடலை மேலிருந்து கீழே வரை இறக்க 10 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அதே மெதுவில் திரும்ப விடுங்கள். முள் மீட்டர் இங்கேதான் உதவும். தடம் தேய்ந்த இடத்தில் முள் ஒரு கணம் துள்ளி விழுவது கண்ணுக்குத் தெரியும், டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிட்டுவிடும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும் வண்டிகளில், கால் எப்போதும் நிற்கும் அந்த இடத்தில்தான் தடம் முதலில் தேயும். வேகமாக மிதித்து எடுத்துப் பார்ப்பவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால்தான் பெடல் சரி என்று சொல்லிவிடுகிறார்கள்.

இறக்கும்போது ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் பெடலின் பக்கத்தை லேசாகத் தட்டிக்கொண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஓடும் வண்டியின் அதிர்வை நின்ற வண்டியில் கொண்டுவர இதைவிட எளிய வழி இல்லை.

ஓம்ஸ் அளந்து சென்சாரைத் தள்ளிவிடாதீர்கள். கார்பன் தடம் உள்ள பழைய வகைக்கு மட்டுமே ஓம்ஸ் பொருந்தும். காந்தத்தால் வேலை செய்யும் தொடாத வகைக்குள் ஐ.சி. என்ற மின்னணுச் சில்லு இருக்கிறது, அதில் ஓம்ஸ் அளவுக்குப் பொருளே கிடையாது. நல்ல பெடல் பலவற்றைக் குப்பையில் போட வைத்தது இந்த ஒரு தவறு.

7. வயரும் கப்ளரும்

சென்சார் முனையில் வோல்ட் சரியாக இருக்கிறது, ஸ்கேனரில் தவறாக வருகிறது என்றால் நடுவில் உள்ள வயர்தான். இப்போது லைவ் டேட்டாவைத் திறந்து வைத்து, ஒருவர் அதைப் பார்க்க, மற்றவர் வயரிங்கை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எண் எங்கே துள்ளுகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

தூக்கும் கேபின் என்றால் முதலில் கேபினின் முன் கீல் பக்கம் போங்கள். கேபின் ஒவ்வொரு முறை தூக்கி இறக்கும்போதும் வயரிங் அங்கே மடங்கி நிமிர்கிறது. மேல் தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். சந்தேகமான வயரை இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும், உள்ளே அறுந்தது ரப்பர் போல நீளும். அடுத்த இடங்கள்: சேஸிஸ் ஓரத்தில் கிளாம்ப் கழன்ற பகுதி, எலி கடித்த இடம், யாரோ டேப் சுற்றி வைத்த ஒட்டு.

கப்ளரைத் திறந்தால் பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் தேய்த்தால் போதும். உப்புத்தாள் போடக்கூடாது, பின்னின் மேல் பூச்சு போய்விட்டால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். சேஸிஸ் கிரீஸை அள்ளி அப்புவதும் கூடாது. சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸை ரப்பர் சீலின் மேல் மெல்லியதாகத் தடவினால் போதும்.

பெண் பின்களின் பிடிப்பையும் பாருங்கள். அதே அளவுள்ள ஒரு தனி ஆண் பின்னை நுழைத்து இழுத்தால் சற்று இறுக்கமாக வர வேண்டும். தளர்வாக வந்தால் யாரோ தடித்த மீட்டர் முனையை முன்பக்கமாகச் செருகி விரித்துவிட்டார்கள். சோதனை செய்ய வந்தவர் உண்டாக்கிய குறை அது. அடுத்தவருக்கு நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

ஒட்டுப் போட வேண்டி வந்தால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள். ஈயம் வைத்தோ சரியான கிரிம்ப் போட்டோ இணைத்து, உள்ளே பசை உள்ள ஸ்லீவை மேலே ஏற்றிச் சூடாக்குங்கள். பிறகு ஒட்டின் இரு பக்கமும் கிளாம்ப் போட்டு ஆடாமல் கட்டுங்கள். வயர் கப்ளருக்குள் போகும் முன் ஒரு சிறு வளைவு கீழே தொங்கட்டும், மேலிருந்து வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும்.

சேஸிஸில் வெல்டிங் செய்த பிறகு வந்த குறை என்றால், வெல்டிங்குக்கு முன் பேட்டரியும் இ.சி.யூ. கப்ளரும் கழற்றப்பட்டதா என்று கேளுங்கள். கழற்றாமல் செய்திருந்தால் 5 வோல்ட் சோதனையை மறுபடி முழுவதும் செய்யுங்கள்.

8. பெடலை இ.சி.யூ. வேண்டுமென்றே ஒதுக்குகிறதா?

சிக்னல் சுத்தமாக ஏறியும் ரேஸ் ஏறவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று பிரேக் சுவிட்ச். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபட்டதாகத் தெரிந்தால், பெடல் மாட்டிக்கொண்டது என்று கருதி டீசலைக் குறைக்கும் இ.சி.யூ.க்கள் உண்டு. சுவிட்ச் ஒட்டிக்கொண்டு எப்போதும் 'ஆன்' காட்டினால் இதுவே நடக்கும். லைவ் டேட்டாவில் பிரேக் நிலையைப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பின் பிரேக் லைட் விடாமல் எரிவதும் ஓர் அடையாளம்.

மற்றது டிப்பர், கான்கிரீட் மிக்சர் வண்டிகளில் உள்ள வெளி ஆக்சிலரேட்டரும் பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியை டிப்பர், மிக்சர் இயக்க எடுப்பது) சுவிட்சும். அந்த சுவிட்ச் ஆனில் இருந்தால் கேபின் பெடல் வேலை செய்யாது அல்லது குறைந்த எல்லைக்குள் மட்டும் செய்யும்.

9. பெடல் வகைக்குக் கேலிபரேஷன்

பெரும்பாலான மின்னணுப் பெடல்களில் திருகிச் செட் செய்ய எதுவும் கிடையாது. கால் எடுத்த நிலையின் வோல்ட்டை இ.சி.யூ. தானே கற்றுக்கொள்கிறது. நம் வேலை அது சரியான நேரத்தில் சரியான அளவைக் கற்கும்படி செய்வது மட்டும்.

கோடை இப்போது அழியுங்கள். சாவியை அணைத்து 2 நிமிடம் காத்திருங்கள். அணைத்த பிறகும் இ.சி.யூ. சிறிது நேரம் விழித்திருந்து, கற்றதைத் தன் நினைவில் எழுதும். அந்த நேரத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பினால் எழுதுவது பாதியில் நின்றுவிடும். பி.எஸ்.6 வண்டியில் ஆட்ப்ளூ குழாயைக் காலி செய்யும் வேலையும் அப்போதுதான் நடக்கிறது.

பிறகு பெடலில் கால் படாமல் சாவி போடுங்கள். 10 விநாடி தொடாதீர்கள். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: சீட்டில் உட்காரும்போதே கால் தானாகப் பெடலில் போய் நிற்கும், அந்த அளவையே இ.சி.யூ. 0 என்று எடுத்துக்கொள்ளும். கீழே நின்று கையை நீட்டிச் சாவி போடுவது பாதுகாப்பு.

அடுத்து பெடலை மெதுவாகத் தரை வரை அழுத்தி, 3 விநாடி பிடித்து, மெதுவாக விடுங்கள். மூன்று முறை. சாவியை அணைத்து மறுபடி 2 நிமிடம். இப்போது சாவி போட்டால் லைவ் டேட்டா 0-இல் தொடங்கி 100-ஐத் தொட வேண்டும். ஸ்கேனரில் பெடல் லேர்னிங் என்று தனி மெனு கேட்கும் வண்டிகளில், அது சொல்லும் வரிசையையே பின்பற்றுங்கள்.

100-க்குப் பதில் 90-இல் நின்றால் திரும்பத் திரும்ப லேர்னிங் கொடுக்காதீர்கள். மேட்டையும் பெடல் பொருத்திய போல்ட்டையும் பாருங்கள்.

10. பம்ப் லிவர் வகைக்குக் கேலிபரேஷன்

இங்கே வரிசை தவறினால் எல்லாம் தவறும். எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, ஐடிலிங் சுற்றை முதலில் ஐடில் ஸ்க்ரூவில் சரி செய்யுங்கள். ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பினால் லிவர் நிற்கும் இடம் மாறும், சென்சாரின் தொடக்க வோல்ட்டும் மாறும். சென்சாரை முதலில் செட் செய்தவர் அந்த வேலையை இரண்டாவது முறை செய்ய நேரும்.

எஞ்சினை அணைத்து, கேபிளில் சிறு தளர்வு இருக்கிறதா, லிவர் ஐடில் ஸ்டாப்பில் உண்மையாக உட்காருகிறதா என்று பாருங்கள். முழுவதும் மிதித்தால் மேல் ஸ்டாப்பைத் தொட வேண்டும். மேல் வேக ஸ்க்ரூவின் சீலை உடைக்காதீர்கள், அது பம்பைக் கழற்றிச் சோதிக்கும் பெஞ்சில் செட் செய்தது.

பிறகு சாவி ஆன் செய்து, சென்சாரின் இரண்டு ஸ்க்ரூவையும் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, சிக்னல் வோல்ட்டைப் பார்த்தபடி மெல்லத் திருப்புங்கள். கையேட்டில் சொன்ன ஐடில் வோல்ட் வந்ததும் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கினால் சென்சார் சுழன்று அளவு நகர்ந்துவிடும். இறுக்கிய பிறகு அளந்ததே கணக்கு.

முழு லிவர் அளவையும், நடுவில் துள்ளல் இல்லாததையும் பார்த்து முடியுங்கள். ஐடில் வோல்ட் சரியாக வந்தும் முழு வோல்ட் வரவில்லை என்றால் கேபிளை இழுத்துச் சரி செய்யுங்கள், சென்சாரைத் திருப்பாதீர்கள்.

11. த்ராட்டில் ஃப்ளாப் வகை

எஸ்.பி.என். 51 வந்தால் குழாயைக் கழற்றி ஃப்ளாப்பைப் பாருங்கள். பெரும்பாலும் கரி படிந்து முழுவதும் மூட முடியாமல் நிற்கும். இ.சி.யூ. ஃப்ளாப்பை இரு முனைக்கும் ஓட்டி அளவு கற்கும். கரி தடுத்தால் அந்த முனை அதற்குக் கிடைக்காது. கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மோட்டார் பக்கம் அடிக்காதீர்கள். ஃப்ளாப்பை விரலாலோ ஸ்க்ரூட்ரைவராலோ நெம்பித் திறந்தால் உள்ளே உள்ள பல்சக்கரம் உடையும். துடைத்து மாட்டிய பிறகு கோடை அழித்து, ஸ்கேனரில் ஃப்ளாப் லேர்னிங் கொடுத்து, சாவியை அணைத்து 2 நிமிடம் விடுங்கள்.

12. ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது

காலி வண்டியை வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்ப்பது போதாது. ஸ்கேனரை மாட்டியபடி குறைந்தது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். டிரைவர் ஓட்ட, நீங்கள் எண்ணைப் பாருங்கள். வேகத்தடையிலும் மேடு பள்ளத்திலும் பெடல் சதவீதம் கால் அசைவோடு மட்டும் மாற வேண்டும். ஹெட்லைட், வைப்பர், கேபின் லைட் எல்லாம் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் பதிவான கோடு, நிலுவைக் கோடு இரண்டும் காலியாக இருக்க வேண்டும்.

5 இடங்களில் எழுதிய வோல்ட் அளவுகளை, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இந்த வண்டி எந்த ஊரில் நின்றாலும், பார்ப்பவர் அந்த அளவோடு ஒப்பிட்டுத் தொடங்கலாம்.